புதையல் கிடைத்தால்: பழனிமலையிலிருந்து சில குறிப்புகள்

வத்தலக்குண்டில் புறப்படும் பேருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு கடந்து பெரும்பாறை ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும்போதே காற்றில் காப்பிச் செடியின் ஈரவாசம் வந்துவிடும். தாண்டிக்குடிக்கு நாம் பலமுறை சென்றிருக்கிறோம். முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குச் சென்றான் என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். சொல்லாராய்ச்சிக்கு அது உடன்படுமா என்பது வேறு. கேட்க இனிமையான கதை.

கடைசியாகச் சென்றது மாணவர் சிலரோடு, கல்திட்டைகளைக் காட்டுவதற்காக. நாட்டுப்புறத்தார் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்லும் இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள் அவை. பெரிய பலகைக்கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடியிருப்பார்கள். நாம் தேடிச் சென்ற திட்டையின் மூடுகல் புரண்டு கிடந்தது. உள்ளே இடுப்பளவுக் குழி. மண் இன்னும் காயவில்லை.

வழிகாட்ட வந்த பெரியவர் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். "தங்கம் இருக்குன்னு தோண்டுறாங்க சார். எங்க அய்யா காலத்துலயிருந்து தோண்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. எடுத்தவன்னு ஒருத்தனையும் நான் பார்த்ததில்ல" என்றார். மாணவி ஒருத்தி விளையாட்டாக, "உங்களுக்குக் கிடைச்சா என்ன தாத்தா செய்வீங்க?" என்று கேட்டாள். அவர் சிறிதும் யோசிக்கவில்லை. "மொதல்ல கடைப் பாக்கியக் குடுத்துருவேன். அப்புறம் மருமக நகை ஒண்ணு அடகுல கெடக்கு..." என்று தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். விடை முன்பே ஆயத்தமாக இருந்ததுதான் நம்மை வியக்க வைத்தது. எத்தனை இரவுகளில் அந்தப் பட்டியலை அவர் மனத்துக்குள் எழுதியும் திருத்தியும் பார்த்திருப்பார்!

புதையலின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. புதையலைப் பற்றிய கனவின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. காசு மண்ணில் கிடைக்கும், கனவு கிடைக்காது. ஆயினும் பழனிமலைப் பக்கத்தில் அப்படியொரு கனவுக்கு ஆவணம் உண்டு என்பதே நாம் சொல்ல வந்த செய்தி. அதற்கு முன் மண்ணுக்குள் இருந்ததையும் பார்த்துவிடுவோம்.

செண்பகனூரில் இருந்த சேசு சபைத் துறவியரான ஆங்லாட், நியூட்டன் இருவரும் இம்மலைகளின் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகத்தார் தாண்டிக்குடியிலேயே அகழாய்வு நடத்தினர். இத்தகைய ஈமச் சின்னங்களிலிருந்து பெரும்பாலும் வெளிவருவன மட்கலங்கள், இரும்புக் கருவிகள், சூதுபவள மணிகள். ஆய்வாளனுக்கு இவை பெருஞ்செல்வம். சூதுபவளம் இம்மலையில் விளைவதன்று. அது இங்கே வந்திருக்கிறது என்றால் இதன் வழியே வணிகர் போய்வந்திருக்கிறார்கள், மாற்றாகக் கொடுக்க மலையிலும் ஏதோ இருந்திருக்கிறது என்று பொருள். ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தொலைவு போகலாம். ஆனால் அந்த மணி எந்தக் கலத்தில், எந்த ஆழத்தில், எதன் அருகில் கிடந்தது என்று தெரிந்தால்தான் போகமுடியும். இரவில் கடப்பாரையோடு வருகிறவன் அந்தத் தொடர்பைத்தான் உடைக்கிறான். அவன் தேடும் பொருள் அங்கே இல்லை. அங்கே இருக்கும் பொருள் அவனுக்குப் பொருளாகத் தெரிவதில்லை.

அவனை முழு மூடன் என்றும் தள்ளிவிட முடியாது. மலையடிவாரத்தில் பழனிக்கு அருகிலுள்ள கலயமுத்தூரில் 1856இல் 63 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842இல் 522 வெள்ளிக் காசுகள். புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த பானையில் 501 பொற்காசுகள். அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். நாணயமாக அல்ல, வெறும் பொன்னாகவே அவை கைமாற வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கலாம் என்பர். இப்படிப்பட்ட செய்திகள் ஒரு ஊரில் நடந்தால் நூறு ஊரில் பேசப்படும். நூறு ஆண்டு கழித்தும் பேசப்படும். பேச்சிலே 63 காசு அறுபத்து மூன்று குடமாகிவிடுவதும் இயல்புதான்.

ஆங்கில அரசு இந்தக் கனவுக்கு 1878இல் ஒரு சட்டமே இயற்றியது. இந்தியப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமையாளர் எவரும் இல்லையென்று உறுதியாகி, நிலத்துக்காரர் உரிமை கோரினால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். தோண்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த முக்கால் பங்கு தெரியும்? புதையல் எடுத்தால் அரசு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையே நாட்டில் பரவலாக இருக்கிறது. பொற்காசுகள் இரவோடிரவாக உருக்கப்படுவதற்கு ஆசை பாதிக் காரணம் என்றால் அச்சம் மறுபாதி.

இனி, கனவின் ஆவணத்துக்கு வருவோம்.

குமணன் ஆண்ட மலை முதிரம். அதை உடுமலை, பழனிப் பக்கத்து மலையோடு பொருத்திக் காணும் கருத்து தமிழறிஞரிடையே உண்டு. அவனைப் பாடியவர் பெருஞ்சித்திரனார். புறநானூற்றின் 158ஆம் பாட்டு முதல் 163 வரை தொடர்ந்து ஆறு பாட்டுகள் இவருடையவை. அவற்றைத் தனித்தனியாகப் பாடம் நடத்திப் பழகிவிட்ட நம்மைப் போன்றவர்கள் ஒரே மூச்சில் வரிசையாகப் படிப்பது அரிது. படித்தால் ஒரு குடும்பத்தின் கணக்கேடு கண்முன் விரியும்.

159இல் முதுமையால் கோலூன்றி நடக்கும் தாய், தன் உயிர் போகவில்லையே என்று நொந்துகொண்டிருக்கிறாள். மனைவி குப்பைமேட்டுக் கீரையைக் கொய்து உப்பில்லாமல் அவிக்கிறாள். மோர் இல்லை, சோறு என்பதே மறந்துபோயிற்று. 160இல் சிறுவன் வெறும் பானையைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என்று அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் அவனை அடக்கப் பார்க்கிறாள். அடுத்து 161. வறுமையைச் சொன்ன அதே வாய் இப்போது யானை கேட்கிறது. சும்மா அல்ல, இருபுறமும் மணி ஒலிக்க, மலைபோன்ற யானையின் மேல் ஏறித் தலை நிமிர்ந்து வீடு போகவேண்டும், மனைவி அதைக் கண்டு மருள வேண்டும் என்கிறார் புலவர்.

சற்றே நின்று பார்க்கவேண்டிய இடம் இது. கீரைக்கு உப்பில்லாத வீட்டுக்கு யானை எதற்கு? அதற்குத் தீனி யார் போடுவது? இந்தக் கேள்வியை வகுப்பில் மாணவர்கள் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். உரைகள் இதைப் பரிசில் கேட்கும் மரபு என்று கடந்துவிடுகின்றன. மரபுதான், மறுக்கவில்லை. ஆனால் இது தமிழின் மிகப் பழைய பகற்கனவுகளுள் ஒன்று என்றும் நமக்குத் தோன்றுகிறது. பசித்தவன் கனவில் சோறுதான் வரும் என்று வயிறு நிறைந்தவர்கள் நினைக்கிறார்கள். பசித்தவன் கனவில் மரியாதையும் வரும். ஊர் பார்க்க, மனைவி பார்க்க, மணி ஒலிக்கத் திரும்பி வரவேண்டும்.

குமணன் கொடுத்தான். 163ஆம் பாட்டு புலவர் வீடு திரும்பிய பின் மனைவியிடம் பேசுவது. இப்போது யானையைப் பற்றிப் பேச்சே இல்லை. (இடையே 162இல் ஒரு யானை, முன்பு சிறிதளவே பரிசில் தந்த இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டப்படுகிறது. மானம் அங்கே தீர்த்துக்கொள்ளப்பட்டது.) மனைவியிடம் புலவர் சொல்வது பகிர்வுப் பட்டியல்: உன்னை விரும்பி வாழ்பவருக்கு, நீ விரும்புகிறவருக்கு, உன் சுற்றத்து முதியோருக்கு, நம் பசி தீரக் கடன் தந்து உதவியவருக்கு. பிறகு, இன்னாருக்கு என்று பார்க்காமல், என்னையும் கேட்காமல், சேர்த்துவைத்து வாழ்வோம் என்றும் எண்ணாமல், எல்லோருக்கும் கொடு.

இப்பாட்டைப் புலவரின் வள்ளன்மைக்குச் சான்றாகவே எப்போதும் காட்டுகிறோம். நமக்கு அதில் சிறிது மாறுபாடு உண்டு. கடனைச் சொல்லும்போது அவர் எடுத்தாளும் சொல் குறியெதிர்ப்பை. குறித்த அளவில் வாங்கி அதே அளவில் திருப்பித் தருவது அது. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி ஒரு படி அரிசியாகவே கொடுப்பது. கீரைக்கு உப்பில்லாத அந்த வீடு எப்படி உயிரோடிருந்தது என்பதற்கு விடை இந்தச் சொல்லில் இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அளந்து கொடுத்திருக்கிறார்கள். யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது புலவருக்குத் தெரியாது, மனைவிக்குத்தான் தெரியும். என்னைக் கேட்காதே என்பது பெருந்தன்மை மட்டுமன்று, கணக்கு உன்னிடம் இருக்கிறது என்ற ஒப்புதலும்கூட. குமணன் முதிரத்துக் கிழவன். அதே பாட்டில் மனைவியை மனைகிழவோய் என்று விளிக்கிறார். மலைக்கு உரியவனும் மனைக்கு உரியவளும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறார்கள்.

கனவு காணும்போது யானை, கைக்கு வந்தபின் பாக்கி. இந்த இரண்டையும் ஒருவர் வாயாலேயே பதிவுசெய்த வேறு பழம்பாட்டு நம் நினைவில் இல்லை.

நம் வீட்டில் இவ்வரிசை தலைகீழ். கனவிலேயே பாக்கிதான் முதலில் வரும். தமிழக அரசின் பரிசுச்சீட்டு 1968இல் அண்ணா முதல்வராக இருந்தபோது வந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அப்போது சொன்னார்கள். கேரளத்தின் முதல் குலுக்கல் அதே ஆண்டு ஜனவரி 26இல். நாம் பள்ளியில் படித்த காலத்தில் பூட்டான், சிக்கிம் எல்லாம் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கின. அந்நாடுகளின் பெயரை நாம் புவியியல் நூலில் படிக்குமுன் சீட்டில்தான் படித்தோம். அப்பா மாதம் ஒன்று வாங்குவார். அம்மா பழைய முடிவுத்தாளின் பின்புறத்தில் பட்டியல் போடுவார்: பால்காரர், எதிர்வீட்டு அக்காவின் வளையல், சித்திக்குத் தரவேண்டியது. அதன் பிறகே எங்களுக்குச் சட்டைத்துணி. விழவே இல்லை. பட்டியல் மட்டும் மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்டது. 2003 ஜனவரியில் தமிழகத்தில் லாட்டரி தடை செய்யப்பட்டபோது, குடும்பங்கள் அழிவதைக் கண்டிருந்த எவரும் வருந்தியிருக்க மாட்டார்கள், நாமும் வருந்தவில்லை. அம்மாவின் தாள்களை எடுத்துவைத்திருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் உண்டு.

தாண்டிக்குடிப் பக்கத்துக்கு மெய்யாகவே ஒரு புதையல் வந்தது, பிரேசில் நாட்டிலிருந்து. 1994இல் அங்கே உறைபனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருகின. உலகச் சந்தையில் விலை எகிறியது. 1975லும் அங்கே பெரும் பனி விழுந்து விலை ஏறியதுண்டு. ஆனால் அந்நாளில் இந்திய விவசாயி தன் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத்தொகுப்புக்குக் கொடுத்துவிட்டுத் தவணை தவணையாக வரும் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். தொண்ணூறுகளில் அந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்ததால், இரண்டாவது பனியின் பலன் நேரே கைக்கு வந்தது. எங்கோ ஒருவன் தோட்டம் கருகியதால் இங்கே ஒருவன் கூரை மாற்றினான். புதிய நூற்றாண்டு பிறந்ததும் விலை அடிமட்டத்துக்கு விழுந்து, பழத்தைப் பறிக்கும் கூலிக்கே கட்டாத நிலையும் வந்தது. பெரியவரின் மருமகள் நகை முதன்முதலாக அடகுக்குப் போனது அந்த ஆண்டுகளில்தான் என்று இறங்கி வரும்போது சொன்னார்.

குமணன் கதையின் முடிவை வாசகர் அறிவர். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டிலிருந்தவன், தன்னைத் தேடிவந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க வேறொன்றும் இன்றித் தன் தலையைக் கொள்ள வாளை நீட்டினான். அந்தத் தலைக்குத் தம்பி விலை வைத்திருந்தான் என்பது வழிவழிச் செய்தி. சாத்தனாரும் வறியவரே, வீட்டில் பாலின்றிக் குழந்தை அழுததை 164இல் அவரே சொல்கிறார். கையில் வாள், எதிரே புதையல். அவர் வாளை மட்டும் வாங்கிக்கொண்டு போய்த் தம்பியிடம் காட்டினார்.

பேருந்துக்காக நிற்கையில் பெரியவர் நம்மைப் பார்த்து, "உங்களுக்குக் கெடச்சா என்ன சார் செய்வீங்க?" என்றார். நல்ல நூலகம் ஒன்று, கல்திட்டைகளைச் சுற்றி வேலி, ஒரு காவலாளி என்று ஏதோ சொன்னோம். யானை கேட்டதற்கு ஒப்பானதுதான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடன் ஒண்ணும் இல்லையா?" என்றார். இல்லை என்று சொல்லி ஏறிவிட்டோம். பெரும்பாறை வளைவு வருவதற்குள் மூன்று நினைவுக்கு வந்தன. அவற்றுள் ஒன்று, நம் ஆசிரியரிடம் இரவல் வாங்கி இன்றுவரை திருப்பித் தராத புறநானூற்று உரை.