கொள்ளேகால் சாலையும் என்ஜின் கணினியும்: ஒரு சிறு வரலாறு

பெங்களூரிலிருந்து கனகபுரா, மளவள்ளி வழியாக வரும் நெடுஞ்சாலை கொள்ளேகாலைக் கடந்து சாமராஜநகர், ஆசனூர், திம்பம், சத்தியமங்கலம் வழியாகக் கோயம்புத்தூரை அடைகிறது. முன்பு 209 என்றும் இன்று 948 என்றும் எண்ணிடப்பட்டுள்ள சாலை இது. கொள்ளேகாலைப் பட்டுக்காகவும் சிவனசமுத்திர அருவிகளுக்காகவும் அறிந்தவர் பலர். 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்படும் வரை அது கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்ததை நினைவில் வைத்திருப்போர் குறைவு. பின்னர் மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குச் சென்றது. எல்லைகள் மாறின, சாலை மாறவில்லை. அந்தச் சாலையின் இரு முனைகளிலும் இருக்கும் நகரங்களே தென்னிந்தியாவில் மோட்டார் என்ஜினை யார் கட்டுப்படுத்துவது என்னும் கேள்வியின் வரலாற்றை எழுதியிருக்கின்றன.

அக்கேள்வி இன்று ஒரு சிறிய காரின் கணினியில் வந்து நிற்கிறது. சூப்பர்சார்ஜரோ டர்போவோ பொருத்திய சிறிய காரை வாங்கும் இளைஞர், அதன் என்ஜின் கணினியில் உள்ள எண்களை மாற்றிக் கூடுதல் குதிரைத்திறன் பெற விரும்புகிறார். பட்டறைகளில் இதற்கு ‘ரீமேப்’ என்று பெயர். கணினிக்கு ‘ஈசியூ’ என்று பெயர். இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவே பெரும்பாலும் பார்க்கப்படுகிறது. தொழில்நுட்ப வரலாற்றின் பார்வையில், மெக்கானிக்கின் கையிலும் காதிலும் இருந்த ஓர் அறிவு, பூட்டப்பட்ட எண் பட்டியல்களுக்குள் இடம்பெயர்ந்த கதையின் கடைசிப் பகுதி அது.

இயந்திரம் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வது கணினியோடு தொடங்கியதன்று. 1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி என்ஜினில் பொருத்திய சுழல் குண்டுக் கட்டுப்படுத்தி, வேகம் கூடினால் நீராவியைக் குறைத்தது. வேகம் குறைந்தால் கூட்டியது. கொள்ளேகாலுக்கு அருகே சிவனசமுத்திரத்தில் 1902இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் அனுப்பியது. தொலைவில் இயந்திரங்களின் சுமை ஏறி இறங்கும்போது டர்பைனின் வேகம் தடுமாறாமல் காப்பது அத்தகைய நிலையங்களின் அடிப்படைத் தேவை. எவ்வளவு ஆற்றல் உண்டாகிறது என்பதற்கு நிகராக, அதை எது அளந்து திறந்துவிடுகிறது என்பதும் இந்த வட்டாரத்தில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட கேள்வி.

மோட்டார் காரில் அந்த வேலையைக் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்தன. பெட்ரோல் ஒரு பங்கு எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. கார்புரேட்டரின் ஜெட் எனப்படும் சிறு துளையின் அளவே அந்த விகிதத்தை முடிவு செய்தது. தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த சுழல் எடைகளும், வெற்றிட இழுப்பால் அசையும் ஒரு சவ்வும் முடிவு செய்தன. இவையும் ஒருவகைக் கணிப்பான்களே. ஆனால் அவற்றின் கணக்கு உலோகத்தில் இருந்தது. திருப்புளி உள்ளவர் அதை மாற்றலாம். கண் உள்ளவர் மாற்றியதைப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கின் குறையைத் திம்பம் மலைப்பாதை தெளிவாகக் காட்டும். சத்தியமங்கலம் சமவெளியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 1,100 மீட்டர் உயரத்தை அடைய வேண்டும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. சமவெளிக்கு அமைத்த ஜெட், மெலிந்த காற்றிலும் ஏறக்குறையப் பழைய அளவில் பெட்ரோலை விடும். என்ஜின் திணறிக் கரும்புகை கக்கும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவிகள் விமான என்ஜின்களில் பரவியதற்கும் உயரத்தில் காற்று மெலிவதே முதன்மைக் காரணம். சூப்பர்சார்ஜர் என்ஜினின் சுழற்சியாலேயே, பெரும்பாலும் பெல்ட் வழியாக, ஓடுகிறது. டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தால் ஓடுகிறது. பின்னால் வரவிருக்கும் செய்திக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

கோயம்புத்தூர் முனையில் இந்த உலோகக் கணக்கைத் திருத்துவது ஒரு மரபாகவே வளர்ந்தது. பேருந்துத் தொழிலில் தொடங்கிப் பொறிகளை வடிவமைத்த ஜி.டி. நாயுடு அதன் முதல் தலைமுறை. பஞ்சாலைகளுக்கும் பம்பு உற்பத்திக்கும் பழகிய வார்ப்புப் பட்டறைகளும் கடைசல் பட்டறைகளும் பந்தயக் கார்களுக்கும் கைகொடுத்தன. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 1980களின் இறுதியில் மாருதி 800 காரின் என்ஜினைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் காரை உருவாக்கி, குறைந்த செலவில் பந்தயம் பழகும் வழியைத் திறந்தார். அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. அந்தத் தலைமுறையின் ஆற்றல் கூட்டும் வழிகள் அனைத்தும் தொட்டறியக் கூடியவை: ஜெட்டை மாற்றுதல், சிலிண்டர் தலையை இழைத்தல், கேம் தண்டின் வடிவத்தைத் திருத்துதல். குறிப்பேடும் காதும் போதுமாயிருந்தன.

பெங்களூர் முனையின் கதை வேறு. 1951இல் அங்கு நிறுவப்பட்ட மைகோ நிறுவனம், ஜெர்மனியின் பாஷ் குழுமத்தின் இந்தியக் கிளையாக ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் தயாரித்தது. 1979இல் பாஷ், எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கணினியின் கீழ்க் கொண்டுவந்த மோட்ரானிக் அமைப்பை ஐரோப்பாவில் அறிமுகப்படுத்தியது. இந்தியச் சிறு கார்களுக்கு அந்த மாற்றம் பரவலாக வந்து சேர இருபது ஆண்டுகள் ஆயின. அதை விரைவுபடுத்தியது ஆற்றல் வேட்கை அன்று, மாசு. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தில்லித் தலைநகர் வட்டாரத்தில் அந்த ஆண்டு ஜூன் முதல் யூரோ 1, 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 அளவுகளை நிறைவு செய்யும் தனியார் கார்களையே பதிவு செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. வினையூக்கி மாற்றி சரியாக இயங்க, காற்றும் பெட்ரோலும் நூலிழை பிசகாத விகிதத்தில் கலக்க வேண்டும். அது கார்புரேட்டரால் இயலாது. கணினி வந்தது, திருப்புளிக்கு வேலை குறைந்தது.

கணினிக்குள் இருப்பது எளிய கருத்து. ஒரு பக்கம் என்ஜினின் சுழற்சி வேகம், மறுபக்கம் உள்ளே வரும் காற்றின் அளவு; இவை சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். எவ்வளவு பெட்ரோல், எத்தனை பாகை முன்னதாகத் தீப்பொறி, எவ்வளவு காற்றழுத்தம் அனுமதி என இப்படிப் பல கட்டப் பட்டியல்கள். அழுத்த உணரி, வெப்ப உணரி, புகையில் ஆக்சிஜனை அளக்கும் உணரி ஆகியவை கணினிக்குச் செய்தி சொல்கின்றன. திம்பம் ஏறும்போது காற்று மெலிவதை ஓட்டுநர் உணருமுன் கணினி உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. இத்தகைய மென்பொருளை எழுதும் பாஷ் பிரிவு இன்று பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் இயங்குகிறது என்பது இந்தச் சாலையின் வரலாற்றில் கவனிக்கத்தக்க ஒரு திருப்பம்.

சூப்பர்சார்ஜர் பொருத்திய சிறிய காருக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் 2010இல் தொடங்கப்பட்ட ரெனோ–நிசான் ஆலை, மைக்ரா காரை உள்நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் தயாரித்தது. இந்தியாவில் விற்ற 1.2 லிட்டர் பெட்ரோல் மைக்ராவின் திறன் 76 குதிரைத்திறன். 2011இல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்த டிஐஜி-எஸ் வகையும் அதே 1.2 லிட்டர், அதே மூன்று சிலிண்டர். ஆனால் சூப்பர்சார்ஜரோடு 98 குதிரைத்திறன். சுமை குறைவாக உள்ளபோது சூப்பர்சார்ஜரைக் கிளட்ச் மூலம் துண்டித்து எரிபொருளைச் சேமிக்கும் முடிவும் கணினியுடையதே. அந்த வகை இந்தியச் சாலைக்கு வரவில்லை. 2017இல் மாருதி விற்ற பலேனோ ஆர்எஸ் வேறொரு பாடம் தருகிறது. அதன் ஒரு லிட்டர் டர்போ என்ஜின் ஐரோப்பாவில் 111 குதிரைத்திறன் தந்தது, இந்தியாவில் 102.

இந்த இடைவெளிதான் ரீமேப் செய்வோரின் நிலம். நிறுவனம் ஆற்றலை ஒளித்து வைத்திருக்கிறது, அதை விடுவிக்கலாம் என்பது அவர்களின் வாதம். அதில் பாதி உண்மை. அழுத்திய காற்றில் பெட்ரோல், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன் தானே வெடிப்பதை மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பர். அது பிஸ்டனைத் தின்னும். ஆக்டேன் எண் 91 உள்ள பெட்ரோல் பரவலாக விற்ற நாட்டில், நாற்பது பாகை வெயிலில், ஐந்து பேரோடு மலையேறும் காருக்கும் பொருந்தும்படி எண்களை வைக்க வேண்டும். ஒளித்து வைத்ததாகத் தோன்றுவது, பெரும்பகுதி, மோசமான நாளுக்கென்று எடுத்து வைத்த சேமிப்பு. நல்ல பெட்ரோல் போடுபவர் அதில் ஒரு பங்கை எடுத்துச் செலவிடலாம். முழுவதையும் எடுப்பவர் என்ஜினின் ஆயுளிலிருந்து எடுக்கிறார்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதும் கருவியைப் பொறுத்தது. டர்போவில் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வாயிலைக் கணினியே ஆள்கிறது. எண்ணை மாற்றினால் அழுத்தம் கூடும், திறனும் கூடும். பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜரில் அழுத்தத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது கப்பியின் விட்டம். கணினியை மட்டும் மாற்றினால் தீப்பொறி நேரத்திலும் கலவையிலும் கிடைக்கும் சிறு ஆதாயமே மிஞ்சும். 2002 முதல் 2006 வரை விற்ற சூப்பர்சார்ஜர் மினி கூப்பர் எஸ் காரின் 163 குதிரைத்திறனை 200க்கு உயர்த்திய ஜான் கூப்பர் ஒர்க்ஸ் தொகுப்பில், கணினி மாற்றத்தோடு திருத்திய சிலிண்டர் தலையும் சூப்பர்சார்ஜர் மாற்றமும் சேர்ந்தே வந்தன. எண்கள் மாறினாலும் உலோகம் தன் பங்கைக் கேட்கிறது.

இதே அறிவு முறையான வழியில் சென்றதற்கும் கோயம்புத்தூரில் சான்று உண்டு. பந்தயப் பின்னணியில் வளர்ந்த ஜெயம் நிறுவனம் டாடா மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 2018இல் டியாகோ ஜேடிபி காரைக் கொண்டுவந்தது. 85 குதிரைத்திறன் கொண்ட சாதாரண டியாகோவின் உடலில் 114 குதிரைத்திறன் தரும் டர்போ என்ஜின், அதற்கேற்ற கணினி அமைப்பு, தாழ்த்திய சஸ்பென்ஷன், அரசின் சான்று அனைத்தும் இருந்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகள் வந்தபோது அந்தக் கார் தொடரவில்லை. சான்று பெறும் செலவு சிறு உற்பத்திக்கு எவ்வளவு பாரமானது என்பதை அந்தக் குறுகிய ஆயுள் உணர்த்துகிறது.

பட்டறைக்கு அந்தச் சான்றும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. எனினும் சட்டத்தின் கண் உலோகக் காலத்துக் கண். பெரிய ஜெட்டையும் வெட்டிய சைலன்சரையும் ஆய்வாளர் பார்க்க முடியும்; மாறிய எண்ணைப் பார்க்க முடியாது. நிறுத்திய இடத்தில் சுமையின்றி எடுக்கும் புகைச் சோதனை, முழுச் சுமையில் மட்டும் மாற்றிய பட்டியலைக் காட்டிக் கொடுக்காது.

இந்தக் குருட்டுத்தன்மையைப் பெரிய அளவில் பயன்படுத்தியது எந்தப் பட்டறையும் அன்று. சோதனை நடப்பதைக் கணினி உணர்ந்து, அப்போது மட்டும் புகையைத் தூய்மையாக்கும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். இந்தியாவில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைக்க நிறுவனம் முன்வந்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றது. எண் பட்டியலைப் பூட்டி வைத்தால் காற்று காக்கப்படும் என்ற நம்பிக்கை அங்கு உடைந்தது. பூட்டின் சாவி வைத்திருந்தவரே பட்டியலைத் திரித்திருந்தார். பட்டறையின் கையிலிருந்து எடுத்த கட்டுப்பாடு மக்களின் கைக்கு வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குச் சென்றது.

வரலாற்று மாணவருக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள ஜிடி கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களின் உலோகம் காக்கப்படுகிறது. ஒரு கார்புரேட்டரைக் கழற்றி, எந்தத் துளையை யாரோ பெரிதாக்கினார்கள் என்று ஐம்பதாண்டு கழித்தும் அறியலாம். கணினியில் புது எண்கள் எழுதப்படும்போது பழைய எண்கள் அழிகின்றன. பட்டறைக்காரர் காப்புப் பிரதி வைத்திருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. எந்தச் சட்டம் எந்த எண்ணை மாற்றியது, எந்த மெக்கானிக் அதை எப்படிப் படிக்கக் கற்றார் என்பதற்கான சான்றுகள் பழைய மடிக்கணினிகளோடு குப்பைக்குச் செல்கின்றன. இந்தத் தலைமுறைப் பட்டறைகளின் கோப்புகளையும் வாய்மொழி வரலாற்றையும் இப்போதே தொகுக்காவிட்டால், 1999க்குப் பிந்தைய இந்திய மோட்டார் வரலாறு நிறுவன விளம்பரங்களை மட்டுமே சான்றாகக் கொண்டு எழுதப்படும்.

கொள்ளேகாலிலிருந்து தெற்கே செல்லும் சாலையில், 2022 பிப்ரவரி முதல் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, திம்பம் பகுதியில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உள்ளது. சத்தியமங்கலம் புலிகள் காப்பக விலங்குகளுக்காக வந்த ஆணை அது. வாகனம் அங்கே எப்போது ஓடலாம் என்பதை நீதிமன்றம் வெளிப்படையாக, காரணம் கூறி, மறுப்புக் கேட்டு முடிவு செய்தது. அதே வளைவில் அதே வாகனம் எவ்வளவு புகை விடலாம், எவ்வளவு வலு காட்டலாம் என்பதை முடிவு செய்யும் எண்களை அப்படிக் கேட்டறிய இன்னும் ஒரு மன்றம் இல்லை.