உடுவில் மிசன் மனையில் மாரிக்காலம்: லெவி – மேரி ஸ்போல்டிங் இணையரின் அன்றாட வாழ்வு (1833–1874)

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிசனரிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கல்வி, அச்சு, அகராதி, சமய விவாதம் ஆகியவற்றையே மையமாகக் கொண்டுள்ளன. அவர்தம் மனைவாழ்வு ஆய்வுப் பொருளாவது அரிது. உடுவிலில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து அங்கேயே மறைந்த லெவி ஸ்போல்டிங், மேரி ஸ்போல்டிங் இணையரின் அன்றாடத்தை, குறிப்பாக ஐப்பசி முதல் தை வரையிலான மாரிக்காலத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மிசனின் நிலைத்த நிறுவனங்களுள் ஒன்றான உடுவில் மகளிர் உறைவிடப் பள்ளி மனைவியரின் இல்லப் பணியிலிருந்தே உருவானது என்பதும், அப்பணியை மிசன் ஆவணங்கள் முழுமையாகக் கணக்கில் கொள்ளவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

திறவுச்சொற்கள்: அமெரிக்க இலங்கை மிசன், உடுவில், ஸ்போல்டிங், மாரிக்காலம், பெண்கல்வி, உறைவிடப் பள்ளி.

முன்னுரை

1810இல் தொடங்கப்பட்டுப் பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அமெரிக்க அயல்நாட்டு மிசன் சங்கத்தின் முதல் குழு 1816இல் யாழ்ப்பாணத்தை அடைந்தது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை ஆகிய இடங்களில் அவர்கள் பணியைத் தொடங்கினர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பழைய கோயிற்பற்றுக் கட்டடங்களைச் செப்பனிட்டு அவற்றிலேயே குடியமர்ந்தனர். இரண்டாவது குழு 1819 ஜூன் 8 அன்று பாஸ்டனிலிருந்து ‘இண்டஸ்’ என்னும் பாய்க்கப்பலில் புறப்பட்டுக் கல்கத்தா வழியாக 1820 தொடக்கத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தது. மைரன் வின்சுலோ, லெவி ஸ்போல்டிங், ஹென்றி வுட்வர்ட், மருத்துவர் ஜான் ஸ்கடர் ஆகிய நால்வரும் அவர்தம் மனைவியரும் அக்குழுவில் இருந்தனர்.

இந்நால்வருள் வின்சுலோவும் ஸ்கடரும் 1836இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தனர். வுட்வர்ட் 1834இல் மறைந்தார். ஸ்போல்டிங் இணையர் மட்டும் யாழ்ப்பாணத்திலேயே தங்கினர். ஆகவே இவர்களின் வாழ்வு ஒரு தலைமுறையின் முழு நீளத்தையும் காட்டவல்லது. இக்கட்டுரை மூன்று வினாக்களை எழுப்புகிறது. குளிர்காலம் என்ற ஒன்றை அறிந்து வளர்ந்த இணையர் அது இல்லாத நாட்டில் ஆண்டின் இறுதிப் பகுதியை எவ்வாறு வாழ்ந்தனர்? அக்காலத்தில் மனையின் வேலையைச் செய்தவர் யார்? அவ்வேலை எவ்வாறு பதிவாயிற்று? இவ்வினாக்கள் தமிழகத்து மிசன் வரலாற்றுக்கும் பயன்படுமா என்பது இறுதியில் செங்கல்பட்டுப் பகுதியை முன்வைத்துச் சுருக்கமாகச் சுட்டப்படுகிறது.

மூத்த இணையர்

லெவி ஸ்போல்டிங் 1791இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஜாஃப்ரி என்னும் ஊரில் பிறந்தவர். டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்று ஆண்டோவர் இறையியற் கல்லூரியில் பயின்றவர். அவர் மனைவி மேரி கிறிஸ்டியும் அதே மாநிலத்தவர். ஆண்டின் ஒரு பகுதி பனியால் மூடப்படும் நிலத்தில் வளர்ந்த இருவரும் தம் வாழ்வின் பெரும்பகுதியைப் பனி விழாத ஒரு தீபகற்பத்தில் கழித்தனர். 53 ஆண்டுப் பணிக்குப் பின் லெவி 1873 ஜூன் மாதத்திலும் மேரி 1874இலும் மறைந்தனர்.

இவர்கள் மூத்தோராக நிலைபெற்றதற்கு அரசியற் காரணமும் உண்டு. 1820இல் அச்சுத் தொழிலறிஞர் ஜேம்ஸ் காரெட் யாழ்ப்பாணம் வந்தபோது, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அவரை நாட்டைவிட்டு வெளியேறுமாறு பணித்தார். அமெரிக்க மிசனரிகள் புதிதாக வருவதற்கான அத்தடை 1833 வரை நீடித்தது. இருந்தோரே எல்லாப் பணிகளையும் சுமக்க வேண்டிய நிலை பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. மரணம் ஒருவரை எடுத்துக்கொண்டால் அவரது பணி மற்றொருவர் மனைக்கு மாறியது. 1833 ஜனவரி 14 அன்று ஹேரியட் வின்சுலோ மறைந்தார். அவர் நடத்திவந்த உடுவில் மகளிர் பள்ளியின் பொறுப்பு அவ்வாண்டில் மேரி ஸ்போல்டிங்கிடம் வந்ததை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

மாரியின் நாட்காட்டி

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. யாழ்ப்பாணத்து வழக்கிலோ இவ்விரண்டையும் மாரி என்னும் ஒரே சொல் பெரிதும் உள்ளடக்கிவிடுகிறது. ஆறுகளற்ற அச்சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றினால் பெறப்படுகிறது. அம்மழையே நிலத்தடிக்கு இறங்கிக் கிணறுகளை நிரப்பும். மானாவாரி நெல்லும் அதனையே நம்பி வளரும். தையில் அறுவடை முடிந்தபின் துலாவால் நீரிறைத்துத் தோட்டப் பயிர் செய்வர்.

நியூ இங்கிலாந்தின் குளிர்காலம் விளைந்ததைச் சேமித்து அடைந்து கிடக்கும் காலம். உடுவிலின் மாரியோ பயிர் வளரும் காலம். அதேவேளையில் முந்தைய அறுவடையின் இருப்புக் குறையும் காலம். கிடுகும் பனையோலையும் வேய்ந்த கூரைகள் மழைக்கு முன்னரே புதுக்கப்பட வேண்டும். ஒடியலும் நெல்லும் ஈரம் படாமல் காக்கப்பட வேண்டும். உறைவிடப் பள்ளி ஒன்றை நடத்திய மனைக்கு இவை அனைத்தும் பலமடங்கு பெரிய வேலைகளாகும். ஒரு குடும்பத்துக்கான விறகும் அரிசியும் போதாத வளவில், மாணவியர் அனைவருக்கும் நாள்தோறும் உலை வைக்க வேண்டியிருந்தது. கொள்ளைநோய்க் காய்ச்சல்களும் வாந்திபேதியும் அந்நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் தாக்கியமையால் நோயாளரைப் பேணுவதும் மனையின் வேலையாயிற்று. மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் வந்து சேரும்வரை, ஸ்கடர் சென்றபின்னான ஆண்டுகளில் இச்சுமை கூடுதலாக இருந்திருக்கும் எனக் கருதலாம்.

இங்குக் கவனிக்கத்தக்க மற்றொன்று டிசம்பர் 25. இன்றைய வழக்கைக் கொண்டு அந்நாளை மிசன் மனையின் பெருவிழாவாக எண்ணிவிடுதல் பொருந்தாது. நியூ இங்கிலாந்தின் தூய்மைவாத வழிவந்த சபையினர் கிறிஸ்து பிறப்பு நாளைப் பொதுவாகக் கொண்டாடவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் அதனைச் சட்டப்படி விடுமுறையாக ஏற்றதே 1856இல்தான். எனவே ஸ்போல்டிங் இணையரின் தொடக்ககால டிசம்பர் வேலைநாட்களாலான மாதமே. உடுவிலின் சுற்றுப்புறமோ கார்த்திகை விளக்கீடு, திருவெம்பாவை, தைப்பொங்கல் என நோன்பும் விழாவும் நிறைந்திருந்தது. மாணவியரின் வீடுகள் அவர்களைத் திரும்ப அழைக்கும் காலமும் இதுவே. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான இழுபறி மாரியில் மிகுந்திருக்கும் என இதிலிருந்து ஊகிக்கலாம்.

மழையில் பிறந்த பள்ளி

உடுவில் மகளிர் உறைவிடப் பள்ளி 1824இல் ஹேரியட் வின்சுலோவால் தொடங்கப்பட்டது. அதன் தோற்றத்தைப் பற்றி மிசன் வட்டாரத்தில் வழங்கும் வரலாறு ஒன்றுண்டு. மிசன் மனைக்குத் தையல் பழக வந்த சிறுமியர் இருவர் பெருமழையால் வீடு திரும்ப இயலாமல் இரவு அங்கேயே தங்கினர். பசித்தபோது அம்மனையில் உணவுண்டனர். செய்தியறிந்த தந்தை, அந்நியர் வீட்டில் உண்டுவிட்ட பிள்ளைகளை இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுச்சென்றதாக அவ்வரலாறு முடிகிறது.

இதனை நிகழ்ந்தவாறே கொள்ள வேண்டியதில்லை. நிறுவனங்கள் தம் தோற்றத்துக்கு இத்தகைய கதைகளைப் பேணுவது இயல்பு. ஆயினும் இக்கதை எதைத் தற்செயல் என்று சொல்லி எதை மறைக்கிறது என்பது ஆராயத்தக்கது. மழை தற்செயல், உணவு தற்செயலன்று. மிசனின் தொடக்ககால உறைவிடப் பள்ளிகளில் சாதி ஒழுக்கத்தைக் கருதி, மாணவர்க்கான சமையலை மிசன் வளவுக்கு வெளியே நடத்த வேண்டியிருந்தது. கற்பது ஏற்கப்பட்ட இடத்திலும் உண்பது ஏற்கப்படவில்லை. ஆகவே பெண்பிள்ளைகள் ஒரு மிசன் மனையில் தங்கி உண்பது, அவர்கள் எழுத்தறிவதைக் காட்டிலும் பெரிய சமூக மீறலாகும். பள்ளியின் முதல் அடித்தளம் வகுப்பறையில் இடப்படவில்லை. அது அடுக்களையில் இடப்பட்டது. அந்த அடுக்களையின் பொறுப்பு மிசனரி மனைவியிடம் இருந்தது.

மேரி ஸ்போல்டிங் ஏற்றது இத்தகைய நிறுவனத்தையே. வாசிப்பு, எழுத்து, கணக்கு, விவிலியம், தையல் ஆகியன கற்பிக்கப்பட்டன. திருமணம் வரை மாணவியரை மீட்டுக்கொள்வதில்லை எனப் பெற்றோரிடம் உடன்பாடு பெறப்பட்டது; கிறித்தவரை மணந்த மாணவியருக்கு மிசன் சீதனமும் அளித்தது. இவ்வாறு பள்ளித் தலைவி ஒருவகையில் தாயின் இடத்தையும், சீதனம் பேசும் வகையில் தந்தையின் இடத்தையும் வகித்தார். 1840இல் எலைசா ஆக்னியூ வந்து கற்பித்தற் பொறுப்பை ஏற்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொடர்ந்தார். ‘ஆயிரம் மகள்களின் தாய்’ என்று அவர் போற்றப்பட்டார். அப்புகழுக்கு அடியில், உணவும் நோயும் திருமணமுமாக அம்மகள்களைத் தாங்கிய மூத்த இணையரின் மனை இருந்தது.

பதிவும் இழப்பும்

பாஸ்டன் சங்கத்தின் ஆவணங்களில் கணவர் மிசனரி; மனைவி துணை மிசனரி, அல்லது கணவர் பெயரால் சுட்டப்படுபவர். கணவரின் பணி நூல்களாக எஞ்சியது. ஜோசப் நைட் தொடங்கிய சொற்றொகுப்புப் பணியை ஸ்போல்டிங் தொடர்ந்தார். சந்திரசேகர பண்டிதர் முதலான தமிழறிஞரின் உழைப்பில், ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதி 1842இல் வெளிவந்தது. ஆங்கிலம் – தமிழ் அகராதி, துண்டுநூல்கள், கீர்த்தனைகள் எனவும் அவர் பணி விரிந்தது. மேரியின் வேலையோ நாள்தோறும் செய்யப்பட்டு நாள்தோறும் தீர்ந்துபோவது. வேளைக்கு உண்ட உணவுக்கும் ஆறிய காய்ச்சலுக்கும் நூற்பட்டியலில் இடமில்லை.

கடிதங்களையும் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். யாழ்ப்பாணத்தில் மாரியில் எழுதப்பட்ட கடிதம் மாதக்கணக்கில் கடலில் சென்று, அங்கு வெயில் வந்தபின்னரே பாஸ்டனில் படிக்கப்பட்டது. ‘மிசனரி ஹெரால்ட்’ இதழில் அச்சானவை நன்கொடையாளர்க்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட பகுதிகள். ஹேரியட் வின்சுலோவின் நாட்குறிப்பும் கடிதங்களும்கூட அவர் மறைந்தபின் கணவரால் தொகுக்கப்பட்டு 1835இல் வெளியானவை. நிதியின் கை அன்றாடத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதை 1837 காட்டுகிறது. அவ்வாண்டு அமெரிக்காவில் ஏற்பட்ட பண நெருக்கடியால் ஒதுக்கீடு குறைக்கப்பட, ஊர்ப் பள்ளிகள் பல மூடப்பட்டு ஏறத்தாழ 5,000 பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

இழப்பு இரு தரப்பிலும் இருந்தது. உறைவிட மாணவர் பலருக்கு அவர்களைப் பேணிய அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. பெற்றோர் இட்ட பெயர் பதிவேட்டில் பின்தள்ளப்பட்டது. மிசனரிகளோ தம் பிள்ளைகளைக் கல்விக்கும் உடல்நலத்துக்குமாக அமெரிக்காவுக்கு அனுப்பிப் பிரிந்தனர். அவ்வாறு அனுப்பப்பட்ட வின்சுலோவின் மகன் சார்லஸ் 1832இல் அங்கேயே இறந்தான். பிறர் பிள்ளைகளைத் தம் மனையில் வளர்த்தோர் தம் பிள்ளைகளைப் பிறர் மனையில் வளரவிட்டனர். இம்முரணைத் தியாகம் என்று மட்டும் எழுதுவதோ, ஆதிக்கம் என்று மட்டும் எழுதுவதோ அம்மனையில் வாழ்ந்த மாணவியருக்கும் இணையருக்கும் நீதி செய்வதாகாது.

ஒப்பீட்டுக் குறிப்பு

இவ்வணுகுமுறை தமிழகப் பகுதிகளுக்கும் பொருந்தும். ஏரிப் பாசனத்தை நம்பிய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூ பணியாற்றினார். இன்று ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்பகுதிக்குச் செல்லும் சாலை பிரியும் சிங்கப்பெருமாள்கோயிலுக்கு அருகில் உள்ள மெல்ரோசாபுரம், ஒடுக்கப்பட்ட மக்களுக்காக அம்மிசன் உருவாக்கிய குடியிருப்பு. ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்னும் ஊர்ப்பெயரை அது தாங்கி நிற்கிறது. ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, பண்ணையாட்களுக்குக் குடியிருக்கும் மனைமீதும் உரிமையில்லை என்பதை வெளிப்படுத்தியது. உடுவிலில் உணவு எழுப்பிய வினாவை இங்கு மனைக்கட்டு எழுப்பியது. இப்பகுதி மிசன் வரலாற்றில் நிலப் போராட்டம் ஓரளவு ஆராயப்பட்டுள்ளது. அங்கு வாழ்ந்த இணையரின் அன்றாடமும், அவர்தம் மனைகளில் உழைத்த உள்ளூர்ப் பெண்களின் பங்கும் தனி ஆய்வை வேண்டி நிற்கின்றன.

முடிவுரை

ஸ்போல்டிங் இணையரின் அன்றாடத்தை ஆராய்ந்ததில் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மிசன் மனையின் ஆண்டு பாஸ்டன் நாட்காட்டியைக் காட்டிலும் யாழ்ப்பாணத்து மாரியையே சார்ந்து அமைந்தது. இரண்டாவது, உடுவில் பள்ளியின் தோற்றத்திலும் நிலைபேற்றிலும் உணவு, நோய்ப்பேணல், திருமண ஏற்பாடு ஆகிய இல்லப் பணிகள் கற்பித்தலுக்கு நிகரான பங்கு வகித்தன. மூன்றாவது, அப்பணிகளைச் செய்த மேரி ஸ்போல்டிங்கும், பெயர் மாற்றப்பட்ட மாணவியரும், பெயரே குறிக்கப்படாத சமையற் பெண்டிரும் ஆவணங்களின் விளிம்பிலேயே நிற்கின்றனர். இனிவரும் ஆய்வுகள் அகராதிக்கும் இதழுக்கும் தந்த கவனத்தை மிசன் மனையின் வீட்டுச் செலவுக் கணக்குக்கும் தருமாயின், தமிழ்ப் பெண்கல்வியின் தொடக்க வரலாறு மேலும் நிறைவு பெறும்.