மறியலுக்குப் போனவரும் லயத்தில் நின்றவரும்

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், கூலிவேலை செய்பவரை மறியலுக்கு அனுப்பிய சட்டம். முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனாலும், சொன்ன வேலையைச் செய்ய மறுத்தாலும் மூன்று மாதம் வரை உள்ளே வைக்கலாம். மற்றவர்களுக்குச் சிவில் வழக்காக முடியும் பிணக்கு, தொழிலாளி என்றதும் குற்றமாக மாறியது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தேயிலையும் றப்பரும் பரவிய காலமெல்லாம் இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கி, இந்தச் சிறைத் தண்டனையை நீக்கும்படி வாதாடினார். தொழிலாளியைக் கடனோடு கட்டிப்போட்ட 'துண்டு' முறையை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் ஒழித்தது. வேலை ஒப்பந்தத்தை மீறியதற்காகச் சிறை என்பதும் அந்தக் காலத்தோடுதான் முடிவுக்கு வந்தது.

சட்டத்தின் கதை இவ்வளவுதான். மறியலுக்குப் போனவரின் வீட்டுக்கு என்ன நடந்தது என்பதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேடிப் பிடிக்க முடியாது. கொஞ்சம் யோசித்தால் அது தன்னால் விளங்கும். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்கிறவருக்கே அது கிடைக்கும். முற்பணக் கடன் கங்காணியின் கணக்கில் கிடக்கும். கடிதம் எழுதுவதென்றால் கணக்கப்பிள்ளையிடமோ கடைக்காரரிடமோ போய் நிற்க வேண்டும். ஆக, ஒரு ஆள் உள்ளே போனதும் அவருடைய வீடு, கடன், கடிதம் மூன்றும் இன்னொருவர் கையில் போய்விடும். அந்தக் கடைக்காரர்களில் நம்ம ஆட்களும் இருந்தார்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை நகரங்களில் தோட்டச் சனத்துக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்த முஸ்லிம் வியாபாரிகளின் வரலாறு இன்னும் ஒழுங்காக எழுதப்படவில்லை. அதை எழுதுகிறவர்கள் கொப்பியில் இருந்த கடன் கணக்கோடு இதையும் விசாரிக்க வேண்டும்: மறியல்காரர் வீட்டுக்கு யார் அரிசி கொடுத்தது? யார் கடிதம் எழுதிக் கொடுத்தது?

1946இல் கேகாலை மாவட்டத்து உந்துகொடைப் பக்கம் நேவ்ஸ்மயர் தோட்டத்தில் வேறு மாதிரியான வழக்கு வந்தது. கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் தோட்டத்தை எடுத்துக்கொண்டு, அங்கே குடியிருந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் போக மறுத்தார்கள். அத்துமீறிக் குடியிருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. அந்தக் காங்கிரஸின் முன்னணித் தலைவர்களில் ஒருவர் அப்துல் அஸீஸ். பின்னாளில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தவரும் அவரே. இதே வகையான அத்துமீறல் வழக்கொன்று, செல்வநாயகம் என்ற பெயரில், லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தனக்கு உரிமை இருக்கிறது என்று நேர்மையாக நம்பி ஒருவர் குடியிருப்பது, எதிர்த்தரப்புக்கு எரிச்சல் தரும் என்பதாலேயே குற்றமாகிவிடாது என்ற விளக்கம் 1950இல் அங்கே கிடைத்தது. சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் வழக்கு இது. அதன் அடியில் இருப்பதோ சின்ன விஷயம்: 'இது எங்கட வீடு' என்று சொல்ல ஒரு முகவரி.

அந்த முகவரிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. லயத்துக்கு வரும் கடிதம் நெடுங்காலமாகத் தோட்ட அலுவலகத்துக்கே வந்து, அங்கிருந்துதான் ஆள் கைக்குப் போகிறது. உள்ளே இருப்பவர் எழுதிய கடிதம் வழியில் தங்கினாலும் தொலைந்தாலும் கேட்க ஆளில்லை. பிணைக்கு ஆள் நிற்க வேண்டுமென்றால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் வேண்டும். பார்க்கப் போவதென்றால் அடையாள அட்டை வேண்டும். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மலையக மக்கள் பல தசாப்தங்கள் பத்திரமில்லாமல் நின்றவர்கள். 2003இல் வந்த சட்டம் பிரஜாவுரிமையைக் கொடுத்தது. பிறப்புப் பதிவும் அடையாள அட்டையும் இல்லாத வீடுகள் அதற்குப் பிறகும் இருந்தன. இதற்கு மேல் நாட்கூலி. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்பார்கள். குருவிட்டைச் சிறைக்கோ கேகாலைச் சிறைக்கோ போய் வந்தால் அன்றைய பேர் விழாது. பஸ் காசு வேறு, கொண்டுபோகும் சாப்பாட்டுச் செலவு வேறு.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்தக் கதை நம்ம வீட்டுக்கும் வந்தது. மாவனல்லை உட்பட பல ஊர்களில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளைகள் கைதானார்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கமான அந்தச் சட்டம், அன்று பதினெட்டு மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்க இடம் கொடுத்தது. 2022 திருத்தம் அதைப் பன்னிரண்டு மாதமாக்கியதோடு, சட்டத்தரணியைச் சந்திக்கவும் குடும்பத்தோடு தொடர்பு கொள்ளவும் ஏற்பாடு எழுதியது. அதுவரை குடும்பத்தைப் பார்ப்பது அதிகாரியின் மனசைப் பொறுத்த காரியமாக இருந்தது. 'நவரசம்' கவிதை நூலுக்காக 2020 மே மாதம் கைதான அஹ்னாப் ஜஸீம் 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் விடுதலையானார். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கேகாலைச் சிறையில் இருந்தார். ஒருவர் முஸ்லிம், ஒருவர் பௌத்தர். உள்ளே போனவரைப் பார்க்க நின்ற வரிசை ஒன்றுதான்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இது வரலாறாகாது. கைதானவரின் வீட்டுக்குப் போவதையே சனம் நிறுத்தியது. பயம்தான் காரணம். யார் பேர் எந்தப் பட்டியலில் ஏறும் என்று யாருக்கும் தெரியாத காலம். ஆனால் அந்தப் பயத்தின் விலையைக் கொடுத்தது, குற்றம் எதுவும் சுமத்தப்படாத உம்மாவும் பிள்ளைகளும். லயத்துச் சனம் நூற்றாண்டுக்கு மேலாக அனுபவித்த தனிமை அது.

இதற்கு நம்ம மரபில் வழி இல்லாமலில்லை. ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் கைதிகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு. கைதிகளைச் சங்கிலியோடு வெளியே விட்டுப் பிச்சை எடுக்க வைப்பதை அவர் கண்டிக்கிறார். ரொட்டியாகக் கொடுத்தால் காவலாளிகள் எடுத்துக்கொள்வார்கள். அதனால் மாதா மாதம் காசாகக் கொடுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், மாரிக்கும் கோடைக்கும் உடுப்புக் கொடுங்கள் என்கிறார். எட்டாம் நூற்றாண்டில் ஒரு காழி இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்.

நம்ம பள்ளி நிர்வாகங்களுக்கு இது பெரிய காரியமல்ல. கடிதம் வந்து சேர நகரத்தில் ஒரு கடை முகவரி. பிணைக்கு நிற்க வதிவிடச் சான்றிதழோடு இரண்டு பேர். சிங்களத்தில் வரும் நீதிமன்றக் கடதாசியை வாசித்துச் சொல்ல ஒரு ஆசிரியர். பார்க்கப் போகும் நாளுக்கு ஒரு பேர்க் காசு. சட்ட உதவிக்கு 1978இல் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் வாசலுக்குக் கூட்டிப்போக ஒரு துணை போதும். இதில் முஸ்லிம் வீடு, தமிழ் வீடு என்று பார்க்கத் தேவையில்லை. கொப்பியில் கடன் எழுதிய காலத்தில் கடைக்காரர் அப்படிப் பார்க்கவில்லை.