திகதியைக் கேட்ட மனிதர்

1925ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் திகதி காலை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சாந்தா பார்பரா நகரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. 13 பேர் உயிரிழந்தனர். நகரின் பிரதான வீதியில் இருந்த கட்டடங்கள் பல சரிந்தன. ஏறத்தாழ 92 ஆண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் திகதி, அதே நிலநடுக்கம் மீண்டும் செய்தியாக வந்தது. சாந்தா பார்பராவுக்கு அருகே 6.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டுள்ளதாக லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகை அறிவித்தது. ஆனால் அன்று பூமி அசையவேயில்லை.

நடந்தது இதுதான். பழைய நிலநடுக்கத்தின் மையம் எங்கே என்ற பதிவை ஆராய்ச்சியாளர்கள் திருத்தியிருந்தனர். அந்தத் திருத்தத்தை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கணினி புதிய நிகழ்வாக எண்ணி எச்சரிக்கை அனுப்பிவிட்டது. அதில் ஆண்டு 1925 அல்ல, 2025 என்றிருந்தது. அந்த எச்சரிக்கைகளைப் படித்துத் தானாகவே செய்தி எழுதுவதற்கென்று 'குவேக்பொட்' என்னும் நிரலை அப்பத்திரிகை வைத்திருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் வரவிருக்கும் நிலநடுக்கம் ஒன்று இன்று நடந்துவிட்டதாக எவராவது கூறினால் பள்ளிச் சிறுவனும் சிரிப்பான். நிரலுக்குச் சிரிக்கத் தெரியாது. செய்தி வெளியானது, சற்று நேரத்தில் மறுப்பும் வெளியானது.

இச்சம்பவத்தை வாசித்தபோது என் நினைவு எழுபதுகளின் பிற்பகுதிக்குச் சென்றது. கொழும்பில் ஒரு நாளிதழின் ஆசிரிய பீடத்தில் நான் இளம் உதவி ஆசிரியனாக இருந்தேன். ஊரடங்குச் சட்டம் அடிக்கடி பிறப்பிக்கப்பட்ட நாட்கள் அவை. ஊரடங்கு அறிவித்தலுக்கான ஈய எழுத்துக்களை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோர்ப்பதில்லை. முன்னர் கோர்த்ததை நூலால் கட்டித் தட்டில் வைத்திருப்பார்கள். நேரத்தையும் திகதியையும் மட்டும் மாற்றுவார்கள். ஓரிரவு அந்த அறிவித்தலின் படியைப் பார்த்து, எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று நான் கையொப்பமிட்டு அனுப்பினேன். முதிய ஒப்புநோக்காளர் அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். "தம்பி, இது எந்த நாளுக்குரியது?" என்று மட்டும் கேட்டார். அது முந்திய வாரத்துக்குரியது. ஊரடங்கு தளர்த்தப்படாத நேரத்தைத் தளர்த்தப்பட்ட நேரமாக அது காட்டியது. அச்சாகியிருந்தால், அதை நம்பி அதிகாலையில் பாணுக்கும் பாலுக்கும் வீதியில் இறங்குபவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை அக்காலத்தை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பழைய செய்தி புதிய செய்தியாக உயிர்த்தெழுவது கணினிக் காலத்துக்கு மட்டும் உரிய நோய் அல்ல என்பதற்காகவே இதைக் கூறுகிறேன். ஆனால் கணினிக் காலத்தில் அதன் வேகம் வேறு. 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் யுனைட்டட் விமான நிறுவனம் வங்குரோத்து என்றொரு செய்தி அமெரிக்கப் பங்குச் சந்தையில் பரவியது. அது 2002ஆம் ஆண்டு டிசம்பரில் சிக்காகோ ட்ரிபியூன் எழுதிய உண்மைச் செய்தி. அதே குழுமத்தைச் சேர்ந்த புளோரிடாப் பத்திரிகை ஒன்றின் இணையத்தளத்தில் அதிகம் வாசிக்கப்பட்டவை என்ற பட்டியலுக்கு அது ஏறிவிட்டது. கூகிளின் தேடு நிரல் அதைக் கண்டெடுத்தது. செய்தியில் பழைய திகதி இருக்கவில்லை. ஆகவே புதிய செய்தியாகவே கொள்ளப்பட்டது. செப்டெம்பர் 8ஆம் திகதி அது புளூம்பேர்க் சேவையிலும் வந்ததும் 12 டொலருக்கு மேலிருந்த பங்கின் விலை, நிமிடக் கணக்கில் 3 டொலர் வரை வீழ்ந்தது. அந்நேரத்தில் பயந்து விற்றவர்கள், பின்னர் விலை ஏறியதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது.

இனி, எழுதும் இயந்திரங்களுக்கு வருவோம். குவேக்பொட் முதன்முதலில் உலகறியப் பேசப்பட்டது 2014ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி. அன்று அதிகாலை லொஸ் ஏஞ்சல்ஸில் ஏற்பட்ட அதிர்வு, அந்நிரலை உருவாக்கிய கென் ஷ்வென்கி என்னும் பத்திரிகையாளரையே படுக்கையிலிருந்து எழுப்பியது. அவர் கணினியைத் திறந்தபோது செய்தி எழுதப்பட்டுக் காத்திருந்தது. அவர் வாசித்துப் பார்த்தார்; பின்னர் வெளியிடும் பொத்தானை அழுத்தினார். அதே ஆண்டில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் கம்பனிகளின் காலாண்டு வருமானச் செய்திகளை நிரலிடம் ஒப்படைத்தது. காலாண்டுக்கு 300 அளவில் இருந்த செய்திகள் 3,000க்கு மேல் பெருகின. தொடக்கத்தில் மனிதர்கள் பார்த்த பின்னரே அவை வெளியாகின. பின்னர் பெரும்பாலானவை நேரடியாகவே சென்றன. இந்த மாற்றத்தையே வாசகர்கள் கவனிக்க வேண்டும். இயந்திரம் எழுதத் தொடங்கியது ஒரு கட்டம். எழுதியதைத் தானே வெளியிடத் தொடங்கியது முற்றிலும் வேறொரு கட்டம்.

இரண்டாம் கட்டத்துக்கான வழி முன்னரே வெட்டப்பட்டிருந்தது. ஒரு நிரல் மற்றொரு நிரலுக்கு ஆணையிடுவதற்கான வாசலை ஏ.பி.ஐ. என்பர். 2001ஆம் ஆண்டு புளொகர் சேவை அத்தகைய வாசலைத் திறந்தது. 2003இல் பிறந்த வேர்ட்பிரஸ் மென்பொருள், 2016 டிசம்பரில் வெளிவந்த 4.7 பதிப்பில் அதனை அகலப்படுத்தியது. தலைப்பு, உள்ளடக்கம் ஆகியவற்றோடு 'நிலை' என்றொரு சொல்லையும் அனுப்பலாம். அந்தச் சொல் 'வரைவு' என்றிருந்தால் கட்டுரை உள்ளே காத்திருக்கும். 'வெளியிடு' என்றிருந்தால் உலகமே வாசிக்கும். எங்கள் காலத்தில் உதவி ஆசிரியர், ஒப்புநோக்காளர், பக்க வடிவமைப்பாளர், ஆசிரியர் என நான்கைந்து மேசைகளைக் கடந்த தூரம், இப்போது ஒரேயொரு சொல்லின் தூரமாகச் சுருங்கிவிட்டது.

வாசலில் காவல் தவறினால் என்னவாகும் என்பதற்கும் உடனடியாகவே பாடம் கிடைத்தது. கட்டுரையின் இலக்கத்தோடு ஓர் எழுத்தைச் சேர்த்து ஆணை அனுப்பினால், அனுமதிச் சோதனையைத் தாண்டி எவரும் அக்கட்டுரையைத் திருத்தலாம் என்ற ஓட்டை அப்பதிப்பில் இருந்தது. 2017 ஜனவரி 26ஆம் திகதி 4.7.2 பதிப்பில் அதை அடைத்தார்கள். அடைக்கத் தாமதித்த தளங்களில் இலட்சக்கணக்கான பக்கங்கள் அடுத்த சில நாட்களில் சிதைக்கப்பட்டன.

இன்று அந்த வாசலில் நிற்பவை செயற்கை நுண்ணறிவு முகவர்கள். குவேக்பொட் வார்ப்புருவில் எண்களை நிரப்பிய எளிய நிரல். இவையோ தலைப்பைத் தெரிந்து, தேடி, எழுதி, படம் சேர்த்து, நேரம் குறித்து, வெளியிட்டும் விடக்கூடியவை. அன்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. என்னும் பொது நெறிமுறை, இவற்றை வெளி மென்பொருட்களோடு இணைப்பதை எளிதாக்கியது. தனியொருவர் நடத்தும் சிறு தமிழ்த் தளத்துக்கு இது பெரும் உதவி என்பதை நான் மறுக்கவில்லை. பழைய கட்டுரைகளை வகைப்படுத்தவும், உடைந்த இணைப்புகளைத் தேடவும், எழுத்துப் பிழை பார்க்கவும் அலுக்காத ஓர் உதவியாளர் எங்களில் யாருக்கு வாய்த்தார்?

ஆயினும் 2025 மே மாதத்தில் சிக்காகோ சன்-டைம்ஸ் பத்திரிகையின் இணைப்பிதழில் வந்த கோடைகால வாசிப்புப் பட்டியலை மறக்கலாகாது. வெளியாரிடமிருந்து பெறப்பட்ட அந்தப் பட்டியலில் இருந்த 15 நூல்களில் 10 நூல்கள் எவராலும் எழுதப்படாதவை. உண்மையான எழுத்தாளர்களின் பெயர்களில் செயற்கை நுண்ணறிவு கற்பித்த தலைப்புகள் அவை. அதைப் பயன்படுத்திய எழுத்தாளர் சரிபார்க்கவில்லை, வாங்கி விநியோகித்தவர்களும் பார்க்கவில்லை, அச்சிட்டவர்களும் பார்க்கவில்லை. அங்கு மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் கேட்பவர் இருக்கவில்லை.

ஆகவே, முகவரிடம் தளத்தை ஒப்படைக்க எண்ணும் நண்பர்களுக்கு என் ஆலோசனை எளியது. வேர்ட்பிரஸில் 'பங்களிப்பாளர்' என்றொரு தகுதி உண்டு. அத்தகுதி உடையவர் எழுதலாம், வெளியிட முடியாது. முகவருக்கு அந்தச் சாவியை மட்டும் கொடுங்கள். நிர்வாகியின் சாவியைக் கொடுக்காதீர்கள். வெளியிடும் சொல் உங்கள் கையில் இருக்கட்டும். அதை அழுத்துமுன் மூன்றைக் கேளுங்கள்: இது எந்த நாளுக்குரியது? யார் சொன்னது? தவறானால் யாருக்குக் கேடு?

ஊரடங்கு அறிவித்தலோடு மேலே வந்த அந்தப் பெரியவரின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் அச்சானதில்லை. படிக்கட்டு ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது நினைவிருக்கிறது. நான் திகதியைத் திருத்திக் கொடுத்தேன். அவர் மறுபடியும் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டே கீழே இறங்கினார்.