அஞ்சறைப் பெட்டி சொல்லும் வரலாறு

மாணவர்களே, வரலாறு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன அரசர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளுமே. இன்று அவற்றைச் சற்று ஒதுக்கிவிட்டு, உங்கள் வீட்டு அடுக்களையில் உள்ள அஞ்சறைப் பெட்டியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் கடல் வாணிகப் பாடத்தை அந்தப் பெட்டியைக் கொண்டே தொடங்குவது வழக்கம். அதன் ஓர் அறையில் கிடக்கும் மிளகு, உலகின் கடல் வழிகளையே மாற்றிய பொருள் அன்றோ!

சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில் ஏற்காடு, மாரமங்கலம் முதலிய ஊர்கள் உள்ளன. இம்மலைத் தோட்டங்களில் காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் மரங்களின்மீது மிளகுக் கொடி படர்ந்திருப்பதைக் காணலாம். காப்பி இங்கு வந்தேறிய பயிர்; சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் 1820-களில் கொணர்ந்தது. மிளகோ, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தானே தோன்றிய தென்னாட்டுக் கொடி.

கொத்தில் ஓரிரு மணிகள் சிவந்ததும் அதனைப் பறிப்பர். மணிகளை உதிர்த்து வெயிலில் பரப்புவர். சில நாள்களில் பச்சை மணி கறுத்துச் சுருங்கும். 100 கிலோ பச்சை மிளகு உலர்ந்தால் ஏறத்தாழ 33 கிலோவே கிடைக்கும். ஈரம் நூற்றுக்குப் பதினொரு பங்கு என்னும் அளவுக்குக் குறைந்தால்தான் பூசணம் அணுகாது. காயும் நாள்களில் மழை பிடித்துக்கொண்டால், ஓராண்டு உழைப்பின் பயன் கெட்டுவிடும்.

இவ்வாறு உலர்த்தும் அறிவு இல்லையேல் மிளகு கடல் கடந்திராது. பொன்னோடு முசிறித் துறைக்கு வந்த யவனர் மரக்கலங்கள் மிளகோடு மீண்டன என்று அகநானூறு கூறுகிறது. உரோமாபுரி அறிஞர் பிளினி, இந்திய வாணிகத்தால் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் தம் நாட்டை விட்டுப் போவதாக வருந்தினார். எகிப்தின் செங்கடற்கரையில் பெரெனிகே என்னும் பழைய துறைமுகத்தை அகழ்ந்தவர்கள், கோயில் ஒன்றின் தளத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் 7.5 கிலோ மிளகைக் கண்டெடுத்தனர். அது கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. கி.பி. 408-இல் உரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக், பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 இராத்தல் மிளகையும் கேட்டுப் பெற்றான். மிளகு முதலிய பொருள்களை நாடியே 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தான்.

அதன்பின் போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்துக் காய் ஒன்று நம் நாட்டுக்கு வந்தது. மிளகைப்போல் காரம் உடையதாதலின் அதற்கு மிளகாய் என்று பெயரிட்டனர் நம் முன்னோர். அது இல்லாத சமையலை இன்று நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை!

இனி வீட்டுக்கு வருவோம். மிளகின் காரம் எளிதில் அழியாது. மணமோ, காற்றில் கலைந்து போகும் எண்ணெயால் உண்டாவது. பொடித்தால் அந்த எண்ணெய் விரைவில் வெளியேறும். ஆதலின் முழு மிளகாக வைத்திருந்து, வேண்டும்போது பொடிப்பதே முறை. ஈரக் கரண்டியைப் பெட்டியில் இடுதலும், அடுப்பின் சூட்டருகே வைத்தலும் தவறு. சரியாகக் காயாத மிளகாய் வற்றலில் பூசணம் பற்றினால், ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகக்கூடும். அதனைத் துடைத்துப் பயன்படுத்தாமல் எறிந்துவிட வேண்டும். வெயிலில் உலர்த்தி, இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்கும் நம் பாட்டிமாரின் வழக்கம் இக்காரணங்களை உட்கொண்டதே.

அலாரிக்கின் பெயரும் காமாவின் பெயரும் பாடநூலில் உள்ளன. கொடியேறி மிளகு பறித்தவர் பெயரும், மழைக்கு அஞ்சி அதனைக் காத்தவர் பெயரும் எங்கும் இல்லை. அவர்களுடைய அறிவு ஏட்டில் எழுதப்படாமல், கைப்பழக்கமாகவே தலைமுறை தலைமுறையாக வந்தது. கடையில் பொடியாகவே வாங்கும் இக்காலத்தில், ஒரு தலைமுறை கேளாது விட்டால் அது மறைந்துவிடும்.

ஆகவே, மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் இல்லத்து மூத்தோரிடம், எந்தப் பொருளை எத்தனை நாள் உலர்த்துவர், எதில் சேமிப்பர், ஏன் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னவர் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். அந்த ஏடும் வரலாற்று ஆவணமே.