அந்தமான் காட்டு முகாம்களும் அங்கு உழைத்தோரும்

அந்தமான் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தாய்நாட்டில் உள்ள நம் உறவினருக்குச் சிறைச்சாலையே நினைவுக்கு வருகிறது. விடுதலைக்காக அங்கே வாடியோரை நினைந்து தலைவணங்குவது நம் கடமை. எனினும் இத்தீவுகளுக்குப் பிறிதொரு வரலாறும் உண்டு. கோடரியாலும் ரம்பத்தாலும் யானைச் சங்கிலியாலும் எழுதப்பட்ட வரலாறு அது. நம் குடும்பங்களுள் பல, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி மூன்று நாள் கடலில் தள்ளாடி இங்கு வந்து வேர் ஊன்றியதற்கும் அவ்வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. நாம் உண்ட சோற்றில் அந்தக் காட்டு உழைப்பின் பங்கும் உள்ளது. ஆதலின் அதைச் சிறிது எண்ணிப் பார்ப்பது இம்மலருக்குப் பொருத்தமாகும்.

காடு தொழிற்சாலையான கதை

1858ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் டாக்டர் வாக்கர் என்னும் அதிகாரி, தண்டனை பெற்ற இருநூறு பேருடன் சாத்தம் தீவில் வந்திறங்கினார். அவர்கள் கையில் முதலில் கொடுக்கப்பட்ட கருவி காட்டை வெட்டுதற்குரியதே. நிற்க இடம் வேண்டுமாயின் மரம் விழவேண்டும் என்பது அன்றைய நிலை. வீழ்ந்த மரமே விலைபெறும் பொருள் என்பதை ஆட்சியாளர் பின்னர் உணர்ந்தனர். 1883இல் இங்கே வனத்துறை நிறுவப்பட்டது. அதே ஆண்டில் சாத்தம் தீவில் மரமறுக்கும் ஆலையும் தோன்றியது. ஆசியாவின் பழமையான மர ஆலைகளுள் ஒன்றான அது, இன்று பார்வையாளர் வந்து காணும் இடமும் ஆகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டு தோண்டிய பெருங்குழியையும் அங்கே காணலாம்.

இக்காடுகளின் தலைமகன் படாக் மரம். வேங்கையின் இனத்தைச் சேர்ந்த இதன் வைரப்பகுதி செந்நிறமானது. எளிதில் கறையான் ஏறாதது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இது கப்பலேறிச் சென்றது. இதற்கடுத்து, ஒட்டுப்பலகைக்கும் கட்டட வேலைக்கும் குர்ஜன். தீக்குச்சிக்குத் தூப், பப்பீத்தா முதலிய மென்மரங்கள். பாதாம், சுக்லம் என இன்னும் பல. இப்பெயர்களுள் பலவற்றைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அறியார். நம் வீட்டுப் பிள்ளைகளோ வேம்பையும் புளியையும் அறியுமுன் படாக்கையும் குர்ஜனையும் அறிந்தார்கள்.

முகாமின் குடிமக்கள்

தொடக்கத்தில் காட்டில் உழைத்தோர் கைதிகள். அவர்களால் மட்டும் வேலை நடவாது என்று கண்ட ஆட்சியாளர், 1918 முதல் சோட்டாநாகபுரிப் பகுதியிலிருந்து ஒராவோன், முண்டா, காரியா மக்களை அழைத்து வந்தனர். அவர்களை நாம் அனைவரும் ராஞ்சிக்காரர் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து நடு அந்தமானில் வேபி என்னும் ஊரை அமைத்தனர். காட்டு வேலையில் அவர்களுக்கு இருந்த தேர்ச்சியை இன்றும் பலர் வியந்து சொல்வர். விடுதலைக்குப் பின்னர் வங்காள அகதிகள் வந்தனர். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கூலி தேடிக் கப்பல் கப்பலாக வந்தனர்.

இத்தனை மொழியாரும் ஓரிடத்தில் உழைக்கும்போது பொதுமொழி ஒன்று தேவைப்பட்டது. அதுவே இந்துஸ்தானி. முல்லைப்பாட்டில் ஒரு காட்சி வருகிறது. பாசறையில் யானைப் பாகர்கள் வடமொழிச் சொற்களைப் பயிற்றித் தம் யானைகளுக்குக் கவளம் ஊட்டுகிறார்கள். அந்தமான் முகாமில் அந்த யானையின் நிலையில் நம் தமிழ்த் தொழிலாளி இருந்தான். சிவகங்கைச் சீமையில் பிறந்து தமிழன்றி வேறறியாதவன், ஒரு மழைக்காலம் கழிவதற்குள் மஸ்தூர், ஹவல்தார், ராசன், சுட்டி என்று புதுமொழியில் பேசக் கற்றான். இரவில் அடுப்பைச் சுற்றி அமர்ந்த பின்னரே தமிழ் அவனிடம் திரும்பி வந்தது.

ஒரு நாள் உழைப்பு

இளமையில் நாம் நடு அந்தமான் முகாம்களில் பணியாற்றிய முதியோர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சொன்னவற்றைத் தொகுத்தால் ஒரு நாளின் உருவம் கிடைக்கிறது.

விடியுமுன் சோறு பொங்கிவிடும். பருப்பும் கருவாடும் துணை. ரேஷன் படகு வரத் தாமதித்தால் கருவாடும் இராது. குடிசை என்பது காட்டுக் கழி நட்டு, பிரம்பால் கட்டி, ஓலை வேய்ந்த நீண்ட கொட்டகை. தரை ஈரமாதலின் உயர்த்திக் கட்டிய பரணில் படுக்கை. இரு பருவக்காற்றும் மழை தரும் தீவு இது. ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் உலர்ந்த துணி என்பதே ஒரு செல்வம். அட்டைக் கடிக்குப் புகையிலையும் உப்பும் மருந்து, மலேரியாவுக்குக் கொயினா. பூரான் கடித்தாலோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதே வழி.

வெட்டவேண்டிய மரத்தில் வனத்துறையின் சுத்தியல் முத்திரை விழுந்திருக்கும். படாக் மரத்தின் அடியில் வேர்கள் சுவர்போலப் பலகையாக விரிந்து நிற்கும். அவ்விடத்தில் ரம்பம் ஏறாது. எனவே கழிகளால் ஆளுயரத்துக்கும் மேலே பரண் கட்டி, இருவர் அதன்மேல் ஏறி நிற்பர். மரம் எப்பக்கம் விழவேண்டுமோ அப்பக்கம் முதலில் கோடரியால் வாய் வெட்டுவர். பின்னர் எதிர்ப்பக்கத்திலிருந்து இருவர் இழுக்கும் பெரிய ரம்பத்தை ஓட்டுவர். ரம்பம் இறுகினால் வெட்டில் ஆப்பு அடிப்பர். மரம் முதலில் முனகும். பிறகு ஒரு வெடிப்பொலி. அக்கணத்தில் பரணிலிருந்து குதித்து, முன்னரே பார்த்து வைத்த திசையில் ஓடவேண்டும். கொடிகள் மரத்தோடு மரத்தைப் பிணைத்திருப்பதால், விழும் மரம் எதிர்பாராத கிளையொன்றை இழுத்து வந்து தலையில் போடுவதும் உண்டு. “மரம் விழுவதைப் பார்த்தவன் பிழைப்பான்; வேடிக்கை பார்த்தவன் பிழையான்” என்று ஒரு முதியவர் நம்மிடம் சொன்னார். அவர் வலக்கையில் இரு விரல்கள் இல்லை. அவற்றை எப்போது இழந்தார் என்று நாம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பின்னர் கிளை கழித்து, அளவுக்கேற்பத் துண்டிட்டு, கட்டைகளை இறக்கும் வேலை தொடங்கும். அதுவே யானையின் பங்கு.

நீந்திய தொழிலாளர்

அந்தமானில் இயற்கையாக யானை இல்லை. மர வேலைக்கென்றே அவை வெளியிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டன. சரிவிலும் சேற்றிலும் வண்டி செல்லாத இடத்தில் யானை சென்றது. மார்புப் பட்டையில் சங்கிலி பூட்டிக் கட்டையை டிராம் பாதைக்கோ உப்பங்கழிக்கோ இழுத்து வந்தது. வெயில் ஏறுமுன் வேலை முடித்து, ஆற்றில் குளிப்பாட்டி, காலில் சங்கிலியும் கழுத்தில் மணியுமாக மாலையில் காட்டுக்குள் மேய விடுவர். மறுநாள் வைகறையில் அம்மணியொலியைக் கேட்டே பாகன் தன் யானையைத் தேடிச் செல்வான்.

உப்பங்கழியில் கட்டைகள் தெப்பமாகும். நீரில் அமிழும் கனமரங்களை மிதக்கும் மரங்களோடு சேர்த்துக் கட்டுவது ஒரு கலை. லாஞ்சு அத்தெப்பத்தை இழுத்துக்கொண்டு சாத்தத்துக்குச் செல்லும். தீவுக்குத் தீவு வேலை மாறும்போது யானைகள் கடலில் நீந்தியும் கடந்தன. ஹாவ்லாக் எனப்பட்டு 2018 முதல் சுவராஜ் தீவு என வழங்கும் இடத்தில் வாழ்ந்த ராஜன் என்னும் யானை, இவ்வாறு நீந்தியவற்றுள் கடைசியானது என்று புகழ்பெற்று 2016இல் மறைந்தது.

எல்லா யானைக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. வட அந்தமானில் குத்தகைக்கு மரம் வெட்டிய கல்கத்தாக் கம்பெனி ஒன்று நொடித்தபோது, 1962 அளவில் ஏறத்தாழ நாற்பது யானைகள் இன்டர்வியூ தீவில் கைவிடப்பட்டன. பழகிய யானைகள் மீண்டும் காட்டு யானைகளாயின. வேலை நின்றதும் உழைத்தவனை விட்டுச் செல்லும் உலக வழக்கம் யானைக்கும் பொருந்தியது போலும்.

மறுபக்கம்

இவ்வளவும் சொல்லி இன்னொன்றைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. நாம் காடு என்று கண்ட இடத்தை ஜாரவா மக்கள் வீடு என்று கண்டனர். முகாம் முன்னேற முன்னேற அவர்களுடைய வேட்டைநிலமும் ஓடையும் சுருங்கின. அவர்கள் அம்பெய்தனர், முகாம்களில் உயிர்கள் போயின. புதர்க்காவல் படை துப்பாக்கியுடன் காவல் நின்றது; அவர்கள் பக்கமும் உயிர்கள் போயின. 1957இல் ஜாரவா மக்களுக்கென்று காப்பிடம் வரையறுக்கப்பட்டது. அம்பைக் கண்டு அஞ்சிய தொழிலாளி அந்நிலத்தைத் தானாகத் தேர்ந்து வந்தவன் அல்லன். வறுமை அவனை அனுப்பியது. அம்பெய்தவனும் பிறர் நிலத்துக்கு வந்தவன் அல்லன். இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது மரத்தின் விலை.

கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதைப் பட்டினப்பாலை புகழ்ந்து பேசுகிறது. காடு மிகுந்து ஊர் குறைந்த காலத்தின் புகழ்ச்சி அது. நம் காலத்தில் நிலை தலைகீழாயிற்று. 2001இல் உச்சநீதிமன்றம் இத்தீவுகளில் மரவெட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைப் பெற்று, 2002 மே 7ஆம் நாள் வணிக நோக்கிலான வெட்டை நிறுத்தியது. உள்ளூர்த் தேவைக்கு மட்டும் அளவோடு இடம் தந்தது. அத்தோடு முகாம்களின் காலம் முடிந்தது. காட்டுக்கு அது நன்மை. முகாமையே ஊராகக் கொண்டிருந்தோர் வேறு பிழைப்புத் தேடி நகருக்கு வந்தனர்.

எஞ்சிய கணக்கு

அரசாங்க எழுத்தராக இருப்பதால் கணக்கைப் பற்றி ஒரு சொல் சொல்ல நமக்கு உரிமையுண்டு. பழைய முறையில் கட்டையை அளப்பது இவ்வாறு: சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கவேண்டும். எட்டடிச் சுற்றளவும் இருபதடி நீளமும் உள்ள கட்டை இக்கணக்கில் 80 கன அடி. உண்மையில் அதன் பருமன் ஏறத்தாழ 102 கன அடி. சதுரிக்கும்போது கழியும் சேதாரத்துக்காக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முன்னரே தள்ளப்படுகிறது.

மரத்தில் ஐந்தில் ஒரு பங்கே கணக்குக்கு வெளியே நின்றது. மனிதர் வகையிலோ தள்ளுபடி இதைவிடப் பெரிது. எந்த ஆண்டில் எத்தனை மரம் வெட்டப்பட்டது என்பது ஆண்டறிக்கைகளில் அச்சேறி நூலகங்களில் இருக்கும். வெட்டியவர் பெயர் இருந்தது மஸ்டர் ரோலில். பெயர், தந்தை பெயர், வேலை செய்த நாள், கைந்நாட்டு எல்லாம் அதில் உண்டு. ஆனால் குறித்த காலம் கழிந்தபின் அத்தகைய ஏடுகளைக் கழித்துவிடுவது அலுவலகங்களுக்கெல்லாம் பொதுவான விதி. இதில் எவர்மீதும் குறையில்லை, அலமாரிக்கு எல்லையுண்டு. விளைவு என்னவெனில், மரத்தின் கணக்கு நிலைத்தது; மனிதரின் கணக்கு அழிந்தது.

அழியாத ஏடு ஒன்றே எஞ்சியுள்ளது. அது நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தாவின் நினைவு, அப்பத்தாவின் நினைவு. முகாமில் பிறந்த குழந்தைக்கு மருத்துவச்சியாக ராஞ்சிப் பெண்ணொருத்தி வந்ததை அப்பத்தா அறிவார். எந்தக் கோப்பும் அறியாது. அந்த ஏட்டையும் காலம் ஒவ்வொரு பக்கமாகக் கழித்து வருகிறது.

எனவே நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த நகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. ஊரின் பெயரே மாறும்போது முகாம்களின் பெயர் எம்மாத்திரம்? வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு மாலைப் பொழுது அமருங்கள். பிறந்த ஊர், வந்த கப்பல், இறங்கிய ஆண்டு, உழைத்த முகாம், உடன் உழைத்தோர் பெயர் ஆகிய ஐந்தையும் கேட்டு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். அடுத்த மலரில் அப்பக்கங்கள் இடம்பெறட்டும். சாத்தம் ஆலையில் அறுபட்ட பலகை நம் வீட்டுக் கதவாக இன்றும் நிற்கிறது. அதை அறுத்த கைகளின் பெயரும் நம் வீட்டில் நிற்கவேண்டும்.