எரிக்கா ரப்பபோட்டும் தேயிலை வரலாறும்

வரலாறு என்பது அரசரும் போரும் உடன்படிக்கையுமே என்று பயின்றோர்க்குக் கடைவீதிப் பூசலொன்று ஆராய்ச்சிப் பொருளாகத் தோன்றுதல் அரிது. 1876 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இலண்டன் நகரத்து வெஸ்ற்போண் குறோவ் வீதியில் வணிகர் பலர் கூடி, வில்லியம் வைற்லி என்னும் கடைக்காரரின் கொடும்பாவியைத் தூக்கி ஊர்வலம் வந்தனர். துணிக்கடை நடாத்திய அவர் இறைச்சியும் மரக்கறியும் விற்கத் துணிந்தமையே சினத்துக்குக் காரணம். இத்தகைய நிகழ்ச்சிகளைச் சான்றாக்கியே பேராசிரியை எரிக்கா ரப்பபோட் தமது முதல் நூலை இயற்றினார்.

கலிபோணியாச் சர்வகலாசாலையின் சாந்தா பாபரா வளாகத்தில் வரலாறு கற்பித்த இவர், 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலில், இலண்டன் மேற்குப் பகுதிக் கடைகளுக்குப் பெண்கள் சென்றுவந்த வழக்கத்தை ஆராய்ந்தார். வைற்லி தமது கடையில் உணவுச்சாலை வைத்து மது விற்க 1872 இல் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. அங்கு வரும் பெண்களின் ஒழுக்கங் கெடும் என்பது எதிர்த்தோர் வாதம். மதிப்புள்ள பெண்ணொருத்தி கூச்சமின்றி நகர நடுவில் அமர்ந்து உண்ணத் தக்க இடம் அரிதாயிருந்த காலம் அது. ஓர் அனுமதிப் பத்திரத்தினூடே ஒரு சமுதாயத்தின் அச்சத்தைக் கண்டறிந்தமை இவரது திறன்.

2017 இல் வெளிவந்த தேயிலை பற்றிய பெருநூலே நமக்கு மிக அணுக்கமானது. மக்கள் விரும்பினர், ஆதலாற் சந்தை பெருகிற்று என்பர் பலர். விருப்பமே உண்டாக்கப்பட்டது என்பது இவர் கொள்கை. அசாம் தேயிலை 1839 இல் முதன்முதல் இலண்டனில் ஏலமிடப்பட்டபோது ஆங்கிலேயர் நாவுக்குப் பழகியது சீனத் தேயிலையே. மதுவிலக்கு இயக்கத்தாரின் தேநீர் விருந்துகளும், சீனத் தேயிலையிற் சாயங் கலந்துள்ளது என்னும் அச்சமும், பேரரசின் விளைபொருளையே வாங்குக என்னும் விளம்பரமும் அச்சுவையை மெல்ல மாற்றின. 1880களின் இறுதியில் இந்தியத் தேயிலை சீனத் தேயிலையை முந்திவிட்டது.

இலங்கையின் பங்கும் சிறிதன்று. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். பின்னர் கோப்பிச் செடிகள் நோயால் அழிய, மலைநாடு தேயிலை நாடாயிற்று. 1890 இல் இங்கு தோட்டங்கள் வாங்கிய லிப்டன் தோட்டத்தையே விளம்பரப் பொருளாக்கினார். 1932 இல் தேயிலைப் பிரசாரச் சபை சட்டப்படி நிறுவப்பட்டது. காலைத் தேநீர் நம் முன்னோர் வழக்கம் என்று கருதுவோர் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் இயலாது. இந்நூலிற் சந்தையும் விளம்பரமும் பெற்ற இடத்தைக் கொழுந்து பறித்தோர் பெறவில்லை. நுகர்ச்சியை ஆராய்பவர் கடையிலிருந்து தொடங்குதல் இயல்பே. எனினும் விளம்பரங்களிற் புன்னகையோடு நின்ற பெண்ணின் வரலாறு கடையில் முடிவதன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர் பறித்த கொழுந்தோ, இலங்கையின் பெயரைத் தாங்கி, இலண்டனுக்குத் தடையின்றிச் சென்றுகொண்டிருந்தது.